இரண்டாம் உலகப் போர் ஃபைட்டர் மாடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் கிட் ஒட்ட ஆரம்பித்தவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பசை, பெயின்ட், ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் கருவி) பற்றித்தான். என் பதிலோ முக்கால்வாசி நேரம் இன்னொரு கேள்வியாகத்தான் இருக்கும்: "எந்த விமானம்? எந்த மாதம்? போட்டோ இருக்கிறதா?" கேட்டவருக்கு எரிச்சல் வரும், தெரியும். ஆனாலும் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏன் என்பது கீழே போகப்போகத் தெரியும்.

1/72, 1/48, 1/32 என்கிறார்களே, எதை வாங்குவது?

நிஜ விமானத்தை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பதுதான் அந்த எண். ஸ்பிட்ஃபயர் மார்க் 1-இன் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர். 1/72-இல் அது 15.6 செ.மீ., 1/48-இல் 23.4 செ.மீ., 1/32-இல் 35 செ.மீ. இந்த விநோத எண்கள் அடி, அங்குலக் கணக்கிலிருந்து வந்தவை. 1/72 என்றால் ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி; 1/48 என்றால் கால் அங்குலத்துக்கு ஓர் அடி.

முதல் மாடலுக்கு நான் 1/48-ஐத்தான் சொல்வேன். 1/72 விலை குறைவு, அலமாரியில் இடமும் மிச்சம். ஆனால் அதில் விமானி இருக்கை சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. கை பழகாதவருக்கு அது சோதனை. 1/32 நன்றாகத்தான் இருக்கும், பத்து மாடல் செய்த பிறகு எங்கே வைப்பது என்று வீட்டில் கேட்பார்கள்.

முதல் கிட்டாக எந்த விமானம்?

ஒற்றை எஞ்சின், ஒற்றை இறக்கை, உடம்பு முழுக்கப் பெயின்ட் அடித்த விமானம். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109, ஜப்பானின் ஜீரோ மூன்றில் எதுவானாலும் சரி. பளபளக்கும் வெறும் அலுமினிய அமெரிக்க மஸ்டாங்கை முதலில் எடுக்காதீர்கள். உலோகப் பெயின்ட் எந்தக் கீறலையும் மன்னிக்காது.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டிப் படம் புதிதாக இருக்கும், உள்ளே இருக்கும் அச்சு ஐம்பது வருடப் பழசாக இருக்கும். தகட்டுக்கோடுகள் (விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள்) மேடாகத் துருத்திக்கொண்டிருந்தால் அது பழைய அச்சு. பள்ளமாக, மெல்லிய கீறலாக இருந்தால் பெரும்பாலும் புதியது. பழைய கிட் கெட்டது என்று சொல்லவில்லை. முதல் கிட்டாக மட்டும் வேண்டாம்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

பக்கவாட்டில் வெட்டும் சின்னக் கட்டர், கூரான கத்தி, சாமணம், 400, 600, 1000 எண் உப்புத்தாள், பிளாஸ்டிக் பசை, மாஸ்கிங் டேப், இரண்டு நல்ல பிரஷ். மற்றதெல்லாம் பிறகு. ஸ்ப்ரூவிலிருந்து (உதிரிகள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்) உதிரிகளைக் கையால் முறுக்கிப் பிய்க்காதீர்கள். அது மட்டும் சத்தியம் செய்து கொடுங்கள்.

ஒரு கிட்டை ஒட்ட போட்டோ எதற்கு? பெட்டியில்தான் வழிகாட்டித் தாள் இருக்கிறதே?

"ஸ்பிட்ஃபயர் செய்கிறேன்" என்கிறீர்கள். ஸ்பிட்ஃபயர் என்று ஒரே ஒரு விமானம் கிடையாது. இருபதாயிரத்துக்கு மேல் கட்டினார்கள். 1940 மே மாதத்து விமானத்தின் அடிவயிறு பாதி கறுப்பு, பாதி வெள்ளை. அதே விமானம் ஜூனில் 'ஸ்கை' என்ற வெளிர்பச்சைக்கு மாறியிருக்கும். மேலே பழுப்பும் பச்சையும். 1941 ஆகஸ்டிலிருந்து பழுப்பு போய்ச் சாம்பல் வந்தது, அடிப்பாகமும் சாம்பலானது. மெர்லின் எஞ்சின் வைத்ததில் புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்றும், பிற்பாடு கிரிஃபன் எஞ்சின் வைத்ததில் எதிர்ப்பக்கம் சுற்றும். பிளேடின் வளைவே மாறிவிடும்.

வழிகாட்டித் தாள் இதில் பாதியைச் சொல்லும். மீதியை அந்தக் குறிப்பிட்ட விமானத்தின் போட்டோதான் சொல்லும்: ஏரியல் கம்பி இருந்ததா, ரியர்வியூ கண்ணாடி வட்டமா சதுரமா, எழுத்துகள் வட்ட முத்திரைக்கு (விமானத்தில் வரைந்த நாட்டுச் சின்னம்) முன்னாலா பின்னாலா, எந்தக் கதவில் பெயின்ட் உரிந்திருந்தது. ஆகவே முதலில் ஒரு போட்டோ, பிறகு கிட். நானும் பல வருடம் தலைகீழாகத்தான் செய்தேன்.

அருங்காட்சியக விமானத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். பழுது பார்த்து, பளபளவென்று மறுபெயின்ட் அடித்தவை அதிகம். வடிவம், கதவின் உள்புறம், சக்கரக் குழி இதற்கெல்லாம் அவை பொன் போல. நிறத்துக்கு இல்லை.

கறுப்பு வெள்ளைப் போட்டோவில் நிறம் எப்படிக் கண்டுபிடிப்பது?

நேரடியாக முடியாது. அந்தக் கால ஃபிலிம்களில் சிலவற்றுக்குச் சிவப்பே 'தெரியாது'. அப்படிப்பட்ட ஃபிலிமில் சிவப்பும் மஞ்சளும் இருண்டு விழும், நீலம் வெளுத்துத் தெரியும். பிரிட்டிஷ் வட்ட முத்திரையின் வெளி மஞ்சள் வளையம் கறுப்பாகத் தெரிவதைப் பார்த்து, வளையமே இல்லை என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. நீலம் எது, சிவப்பு எது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தை (வட்ட முத்திரை அதற்கு வசதி) முதலில் பாருங்கள். எந்த வகை ஃபிலிம் என்று அதிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு மற்ற இடங்களை ஒப்பிடலாம்.

எந்தப் பெயின்ட் "சரியான" நிறம்?

இந்தக் கேள்வியால் நட்பே முறிந்த கதைகள் உண்டு. ஜெர்மன் விமானப் படைக்கு எண் போட்ட நிறங்கள்: 1940-இல் 109-க்கு மேலே 02, 71, கீழே வெளிர்நீல 65, 1941 முதல் 74, 75, 76 எனச் சாம்பல் குடும்பம். எண் ஒன்றுதான் என்றாலும், போரின் கடைசி வருடத்தில் வந்த 76 ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஒவ்வொரு மாதிரி. ஆரம்பகால ஜீரோவின் நிறம் வெறும் சாம்பலா, பச்சையும் பழுப்பும் கலந்த சாம்பலா என்பது இன்னும் ஓயாத தகராறு.

என் வழி இதுதான்: நல்ல கம்பெனி ஒன்றின் நிறத்தை எடுத்து அதில் சில சொட்டு வெள்ளை அல்லது வெளிர்சாம்பல் கலப்பேன். முப்பதடி தள்ளி நின்று பார்க்கும் விமானத்துக்கும் கையில் இருக்கும் மாடலுக்கும் நடுவே காற்றும் தூசும் செய்கிற வேலையை அந்தச் சொட்டுகள் செய்யும். குப்பியிலிருந்து நேராக அடித்த கறும்பச்சை, மாடலில் கறுப்பாகவே தெரியும்.

காக்பிட்டுக்கு எவ்வளவு மெனக்கெட வேண்டும்?

கேனபி, அதாவது காக்பிட்டின் மேல் கண்ணாடி மூடி, மூடியிருந்தால் குறைவாக. இருக்கைப் பட்டை, கருவிப் பலகை, கண்ட்ரோல் ஸ்டிக் மூன்றும் ஒழுங்காக இருந்தால் போதும், கண் மற்றதைத் தானே நிரப்பிக்கொள்ளும். கிட்டுடன் வரும் பிளாஸ்டிக் இருக்கைகளில் பல பட்டையே இல்லாமல் வரும். செக் நாட்டு எட்வார்ட் போன்ற கம்பெனிகள் விற்கும் மெல்லிய பித்தளைத் தகட்டுப் பட்டைகள் அதற்குத்தான். இல்லாவிட்டால் மாஸ்கிங் டேப்பை 1 மி.மீ. அகலத்துக்கு அறுத்து ஒட்டினாலும் ஆகும். துணி போல மடங்குவதில் பித்தளையைவிட டேப்தான் எனக்குப் பிடிக்கும்.

உள் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1940-இல் பறந்த 109-இன் உள்ளே சாம்பல் கலந்த பச்சை 02. 1941 கடைசிக்குப் பிறகு வந்தவற்றில் கிட்டத்தட்டக் கறுப்பான 66.

ஒட்டிய இடத்தில் கோடு தெரிகிறது. எப்படி மறைப்பது?

விமான உடலின் இரண்டு பாதிகளையும் சேர்க்கும்போது திரவப் பசையைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, மெதுவாக அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் மெல்லிய புழு மாதிரி கோட்டில் பிதுங்கி வரும். தொடாதீர்கள். குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் காயட்டும். பிறகு கத்தியின் விளிம்பால் சுரண்டி, 400, 600, 1000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்தால், பல நேரம் புட்டியே (சந்து நிரப்பும் களிம்பு) தேவைப்படாது. அவசரப்பட்டு மூன்றே மணி நேரத்தில் தேய்த்தால் அன்றைக்கு நன்றாக இருக்கும்; ஒரு மாதத்தில் பிளாஸ்டிக் இறுகி அதே இடத்தில் பள்ளம் விழும். பெயின்டுக்கு மேல்.

கண்ணை நம்பாமல் சாம்பல் பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) ஒரு பூச்சு அடித்துப் பாருங்கள். விரலுக்குத் தட்டாத கோடும் அதில் பல்லைக் காட்டும்.

இறக்கை உடலோடு சேரும் இடம் தனிக்கதை. பசை போடும் முன் டேப்பால் கட்டிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் புட்டியைத் தேடுவதற்கு முன், உடலுக்குள்ளே குறுக்காக ஒரு ஸ்ப்ரூத் துண்டை முட்டுக்கொடுத்து உடலை அரை மில்லிமீட்டர் அகட்டினால் இடைவெளி தானே அடையும். இறக்கை மேல்நோக்கி எழும் கோணமும் அதோடு சரியாகும். ஸ்பிட்ஃபயருக்கு அது 6 பாகை. தட்டையான இறக்கையோடு நிற்கும் ஸ்பிட்ஃபயரைப் பார்த்தால், விமானம் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் எங்கோ இடிக்கும்.

இறக்கையின் பின் விளிம்பு தடிமனாக இருக்கிறதே?

எல்லா கிட்டிலும் இருக்கும். 1/48-இல் அரை மில்லிமீட்டர் விளிம்பு நிஜத்தில் 24 மி.மீ. அலுமினியத் தகட்டில் அப்படி ஒரு விளிம்பு கிடையாது. ஒட்டும் முன்பே மேல், கீழ் இரண்டு பாதிகளின் உள்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்குங்கள். பத்து நிமிட வேலை. மொத்த மாடலும் எடை குறைந்தது மாதிரி தெரியும்.

கேனபி வெள்ளையாக மங்கிவிட்டது. என்ன செய்தேன்?

சூப்பர் குளூ போட்டிருப்பீர்கள். அதன் ஆவி கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் படிந்து பனி மூடியது போலாகும். தெளிவான பாகங்களுக்கு வெள்ளைப் பசை, அதாவது மரத்துக்குப் போடும் பி.வி.ஏ. வகைதான். வழிந்தால் ஈரப் பஞ்சால் துடைக்கலாம். ஏற்கெனவே மங்கிவிட்டதா? 2000 எண்ணுக்கு மேற்பட்ட உப்புத்தாளில் தொடங்கி, பாலிஷ் போட்டு, கடைசியில் கிளியர் அக்ரிலிக்கில் முக்கி எடுங்கள். முக்கால்வாசி மீளும்.

கேனபிச் சட்டங்களுக்கு முதலில் காக்பிட்டின் உள் நிறத்தை அடித்து, அதன் மேல் வெளி நிறத்தை அடிக்க வேண்டும். உள்ளே பார்த்தால் உள் நிறம் தெரியும்.

ஏர்பிரஷ் இல்லாமல் முடியுமா?

முடியும். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை, ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. பிரிட்டிஷ் விமானங்களின் பழுப்பு, பச்சை எல்லைக் கோடு கூர்மையானது, பிரஷ்ஷுக்கு வசதி. 109-இன் பக்கவாட்டில் இருக்கும் மங்கலான புள்ளிச் சிதறலுக்குத்தான் ஏர்பிரஷ் வேண்டியிருக்கும். வாங்கினால் 0.3 மி.மீ. முனை, பெயின்ட் பாலைப் போல ஓடும் அளவுக்கு நீர்த்தது, அழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. முகமூடி கட்டாயம். அக்ரிலிக்தானே என்று மூக்கைத் திறந்து வைக்காதீர்கள்.

டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படம்) ஓரத்தில் வெள்ளியாக மினுக்குகிறது.

பளபளக்காத மேட் பெயின்ட் நுண்ணிய கரடுமுரடு. டெக்காலுக்கும் அதற்கும் நடுவே காற்று சிக்கினால் அந்த மினுக்கு. முதலில் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ், அதன் மேல் டெக்கால், அதைப் படியவைக்கும் செட்டிங் திரவம், காய்ந்ததும் மேட் வார்னிஷ். இந்த வரிசை மாறக் கூடாது. பழைய கிட்டின் டெக்கால் தாள் மஞ்சளித்திருந்தால், வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் டேப்பால் ஒட்டி வையுங்கள். வெளுத்துவிடும்.

நார்மண்டி கறுப்பு வெள்ளைக் கோடுகளை நேராக அடிக்க என்ன வழி?

நேராக அடிப்பதுதான் பிசகு. 1944 ஜூன் 6 நார்மண்டி படையிறக்கத்துக்கு ஓரிரு நாள் முன்புதான், ரகசியம் கசியாமல் இருக்க, ஆயிரக்கணக்கான விமானங்களுக்கு அவசர அவசரமாக அடித்தார்கள். பெரிய பிரஷ், கையில் கிடைத்த பெயின்ட். போட்டோவில் பாருங்கள், விளிம்பு நெளியும், வெள்ளைக்கு அடியில் பச்சை எட்டிப் பார்க்கும். அளவு மட்டும் விதிப்படி: ஒற்றை எஞ்சின் விமானத்துக்குக் கோடு ஒன்றுக்கு 18 அங்குலம், மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. 1/48-இல் ஒரு கோடு 9.5 மி.மீ. டேப் ஒட்டி அடித்துவிட்டு, விளிம்பில் மட்டும் பிரஷ்ஷால் கொஞ்சம் குலைத்துவிடுங்கள். டெக்கால் கோடுகளை நான் தொடுவதே இல்லை.

அழுக்கு, உரிசல், புகைக்கறை எவ்வளவு போடலாம்?

இங்கே என் அவமானத்தைச் சொல்லியாக வேண்டும். என் நான்காவது மாடல் ஒரு ஹரிக்கேன். வெள்ளிப் பெயின்டைக் கடற்பஞ்சில் தொட்டு, மூக்கிலிருந்து வால் வரை பெயின்ட் உரிந்த மாதிரி ஒத்தியெடுத்தேன். பிரமாதமாக இருந்தது. பார்க்க வந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். "ஏன் தம்பி, துணியில் அலுமினியம் எங்கேருந்து வந்தது?" என்றார்.

ஹரிக்கேனின் காக்பிட்டுக்குப் பின்னால் உள்ள உடல், மரச் சட்டங்கள் மேல் இழுத்துக் கட்டிய துணி. அங்கே பெயின்ட் உரிந்தால் உலோகம் தெரிய வழியே இல்லை. அன்றிலிருந்து உரிசல் போடும் முன் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி: இந்த இடம் எதனால் ஆனது? ஸ்பிட்ஃபயர் உடல் உலோகம், அதன் வாலில் அசையும் ரடரும் எலிவேட்டரும் துணி. மொஸ்கிட்டோவின் உடலும் இறக்கையும் மரம், அங்கே ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசையே கிடையாது.

இரண்டாவது கேள்வி: இங்கே யார் கால் வைப்பார்கள், எது உரசும்? விமானி ஏறும் இறக்கை வேர், திறந்து மூடும் எஞ்சின் மூடி, பெட்ரோல் ஊற்றும் வாய். உரிசல் அங்கே இருக்கும். இறக்கை நுனியில் எதற்கு?

புகைக்கறை என்றால் எல்லோரும் கறுப்பை எடுக்கிறார்கள். ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடிய எஞ்சின்கள் வெளிர்சாம்பலாகவும் மங்கிய பழுப்பாகவும் கறை விடும். நடுவில் வெளுப்பு, ஓரத்தில் கறுப்பு என்று இரண்டடுக்காகப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று: பிரிட்டிஷ் விமானங்களின் துப்பாக்கி வாயில், உள்ளே குளிரில் உறையாமல் இருக்க, சிவப்புத் துணி ஒட்டியிருப்பார்கள். சுட்டால் அது கிழியும். துணி அலுங்காமல் இருக்கும்போதே பின்னால் கரி வழிந்தால் பார்ப்பவர் கேள்வி கேட்பார்.

தகட்டுக்கோடுகளுக்குள் கறுப்பு வாஷ் (நன்றாக நீர்த்த பெயின்ட்) ஊற்றுவதும் அப்படித்தான். 1/72-இல் 0.2 மி.மீ. பள்ளம் என்றால் நிஜத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் சந்து. அதைக் கறுப்பால் நிரப்பினால் விமானம் ஓடு பதித்த தரை போலாகும். அடிநிறத்தைவிடக் கொஞ்சம் இருண்ட நிறம் போதும்.

மஸ்டாங் இறக்கையில் ரிவெட்டை அழுத்தமாகக் காட்ட வேண்டாமா?

வேண்டாம். மஸ்டாங்கின் (பி-51) இறக்கை காற்று வழுக்கிக்கொண்டு போவதற்கென்று வடிவமைத்தது. தொழிற்சாலையிலேயே முன்பகுதியின் ரிவெட்டுகளையும் தகட்டுச் சந்துகளையும் புட்டி போட்டு நிரப்பி, தேய்த்து, வெள்ளிப் பெயின்ட் அடித்தார்கள். உடல் வெறும் உலோகமாகப் பளபளக்கும், இறக்கை பெயின்ட் அடித்த மங்கல் வெள்ளி. கிட் செய்பவர்கள் அழகுக்காக ரிவெட்டைக் குத்தி வைத்திருந்தால் நீங்கள்தான் புட்டி போட்டு மூட வேண்டும். புதிய கிட்டின் அழகான ரிவெட்டுகளைத் தேய்த்து மூட மனசு வராது, நியாயம்தான்.

நிறுத்தி வைத்த விமானத்தில் ஃபிளாப் (இறக்கையின் பின் விளிம்பில் கீழிறங்கும் பகுதி) இறங்கி இருக்க வேண்டுமா?

விமானத்தைப் பொறுத்தது. மஸ்டாங்கில் எஞ்சின் நின்ற பிறகு ஹைட்ராலிக் அழுத்தம் இறங்கும்போது ஃபிளாப்பும் சக்கரத்தின் உள்கதவுகளும் தொங்கிவிடும். ஸ்பிட்ஃபயரில் தரையில் ஃபிளாப் இறங்கியிருப்பது அபூர்வம்.

என் மாடல் வாலில் உட்கார்ந்துவிடுகிறது!

மூக்கில் சக்கரம் வைத்த லைட்னிங், ஏராகோப்ரா, மெஸ்ஸர்ஷ்மிட் 262 இவையெல்லாம் அப்படித்தான். உடலை ஒட்டும் முன் மூக்கில் தூண்டில் ஈயக்குண்டு வைத்து ஒட்டுங்கள். வழிகாட்டி 5 கிராம் என்றால் நான் 8 வைப்பேன். மூடிய பிறகு ஈயம் போட வழியில்லை.

ஜெர்மன் விமான வாலில் ஸ்வஸ்திகா டெக்கால் ஏன் இல்லை, அல்லது ஏன் இரண்டு துண்டாக இருக்கிறது?

ஜெர்மனியில் அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டச் சட்டத்தடை இருப்பதால், உலகம் முழுக்க விற்கும் கம்பெனிகள் அதை விட்டுவிடும் அல்லது துண்டாக்கி அச்சடிக்கும். ஒட்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். வரலாற்றில் இருந்தது என்பதற்காக ஒட்டுபவர்களும், வீட்டு அலமாரியில் அது வேண்டாம் என்பவர்களும் எனக்கு நண்பர்களே. நான் ஒட்டுவேன், ஆனால் குழந்தைகள் கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்வேன்.

ஏரியல் கம்பிக்கு எதைப் பயன்படுத்துவது?

ஸ்ப்ரூத் துண்டை மெழுகுவர்த்திக்கு மேல் காட்டி, மினுமினுக்கும்போது வெளியே எடுத்து இரண்டு பக்கமும் இழுத்தால் முடியிழை போல நீளும். செலவில்லை, ஆனால் விரல் பட்டால் முறியும். இழுபடும் லைக்ரா நூல் முறியாது. நான் இப்போது நூலுக்கு மாறிவிட்டேன், தூசு துடைக்கும்போது எத்தனை கம்பியை இழந்தேன் என்று எண்ணியதன் விளைவு.

சின்ன உதிரி ஒன்று கீழே விழுந்து தொலைந்துவிட்டது.

முதலில் நகராதீர்கள். செருப்பில் ஒட்டியிருக்கும், அல்லது சட்டை மடிப்பில். விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். கடுகளவு துண்டுக்கும் நீள நிழல் விழும். கிடைக்காவிட்டால் வேக்குவம் கிளீனர் வாயில் பழைய சாக்ஸைக் கட்டி உறிஞ்சிப் பாருங்கள். அப்படியும் இல்லையென்றால் ஸ்ப்ரூவில் செதுக்கிச் செய்துகொள்ளுங்கள். பெயின்ட் அடித்து ஒட்டி முடித்த மறுநாள் காலையில், பழைய துண்டு நாற்காலிக் காலுக்கு அடியில் கிடக்கும்.